உரப்பையில் ஒரு தோட்டம்: மலையக வீடுகளுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

நான் முதன்முதலாக மிளகாய் நட்டது ஒரு ஜூன் மாதத்தில். சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஒருவரின் காணொளியைப் பார்த்து, அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். காலையும் மாலையும் தண்ணீர். ஈரம் தங்குவதற்கு நிறையத் தும்புத்தூள். வேரைச் சூடு தாக்காதபடி மேலே தடித்த மூடாக்கு. மூன்றாவது வாரத்தில் பத்துச் செடிகளும் தண்டின் அடியில் கறுத்துச் சாய்ந்தன. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, "மழை பெய்வது போதாதென்று நீ வேறு ஊற்றினாயா?" என்று கேட்டார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காணொளிக்காரர் மீது தவறில்லை. அவர் ஊரில் வெயில் சாடியை வறுத்தெடுக்கும். அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் உபாயம். நம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். அதோடு மழை, மூடுபனி, மத்தியானத்துக்குப் பிறகு இறங்கிவிடும் மேகம். நமக்கு ஈரத்தை வெளியேற்றும் உபாயம்தான் வேண்டும். ஆனால் வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சமவெளியில் பிறந்தவை. நிழல்வலை கட்டுங்கள் என்பார்கள். நமக்கு நிழலுக்குப் பஞ்சமில்லை, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். வேப்பிலையை அரைத்துத் தெளியுங்கள் என்பார்கள். இந்தக் குளிரில் வேப்பமரத்தை எங்கே தேடுவது? ஆகவே இது லயத்து வாசலில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில் இருந்து எழுதும் பாடம்.

முதலில், ஏன் சாடியில் வளர்க்க வேண்டும்? லயத்தில் இருப்பவர்களுக்குக் காம்பராவுக்கு (லயத்தில் ஒரு குடும்பத்தின் அறைக்கு) முன்னால் இருப்பது நாலு முழ இடம். பின்னால் இருப்பது மேடு. அந்த மேட்டை வெட்டிப் பாத்தி கட்டலாமே என்று தோன்றும். தயவுசெய்து வெட்டாதீர்கள். வீட்டை ஒட்டிய சரிவின் அடியை வெட்டினால் மேலிருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 177 சதுர மீற்றர்) காணியில் வீடு கட்டியவர்களுக்கு இடம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அங்கும் மேல்மண் போய்ச் செம்மண் கட்டிதான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். சாடியில் மண்ணை நாமே தயாரிக்கலாம். மழை கூடினால் கூரைக்கு அடியில் இழுத்துவைக்கலாம். வீடு மாறினால் தோட்டத்தையும் லொறியில் ஏற்றலாம்.

சாடி என்றால் காசு கொடுத்து வாங்கும் மட்சாடி என்று நினைக்க வேண்டாம். உரப்பை, கோதுமை மா பை, பெரிய எண்ணெய் டின், உடைந்த வாளி எல்லாம் சாடிதான். உரப்பையைக் கழுவிக் காயவைத்து, வாயை வெளிப்புறமாக மடித்துச் சுருட்டி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அருமையான சாடி. ஒரேயொரு தடை: பூச்சிமருந்தோ களைகொல்லியோ இருந்த கலன்களை எத்தனை முறை கழுவியிருந்தாலும் தொடாதீர்கள்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காற்றும் முக்கியம். மண்துகள்களுக்கு இடையில் உள்ள இடைவெளிகளில் தண்ணீரும் காற்றும் பங்குபோட்டு இருக்க வேண்டும். எல்லா இடைவெளியையும் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுத்திணறி அழுகும். என் மிளகாய்க்கு நடந்தது அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வேர் அழுகிய செடி தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடி நிற்கும். உடனே நாம் பதறிப்போய் இன்னும் ஊற்றுவோம்.

பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை எடுத்து இதைச் செய்து பாருங்கள். நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து, சிறிது நேரத்தில் நின்றுவிடும். இப்போது பிழியாமல், அதே பஞ்சை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி விழ ஆரம்பிக்கும்! பஞ்சும் அதே, தண்ணீரும் அதே. உயரம் மட்டும் மாறியது. மண்ணும் இப்படித்தான். எந்தச் சாடியிலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் சில அங்குலம் ஊறிப்போய்த்தான் இருக்கும். ஆழமில்லாத தட்டையான சாடியில் அந்த ஊறிய பகுதியே பாதி மண். உயரமான உரப்பையில் அது அடியில் மட்டும் நிற்கும், வேர்கள் மேலே நிம்மதியாக இருக்கும். மழைநாட்டுக்கு உயரமான சாடியே உகந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதே பஞ்சு இன்னொரு பழைய பழக்கத்தையும் பொய்யாக்குகிறது. சாடியின் அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுதாக ஊறிய பிறகே இறங்கும். கல் போட்டால் ஊறிய பகுதி கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகே வந்துவிடுகிறது. கல்லை வெளியே எடுங்கள். சாடிக்குள் வைக்காமல், சாடிக்கு அடியில் இரண்டு செங்கற்களாக வையுங்கள். அடியில் பென்சில் பருமனில் எட்டுப் பத்துத் துளைகள், பக்கவாட்டில் ஓர் அங்குல உயரத்தில் இன்னும் நாலைந்து துளைகள் போதும்.

தகரக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் விழும் கோட்டையும் பாருங்கள். வாசல் மண்ணில் அது வரிசையாகக் குழி போட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல் எந்தச் சாடியையும் வைக்காதீர்கள்; ஒரு முழம் உள்ளே, அல்லது ஒரு முழம் வெளியே. பெரும்பாலான நாட்களில் மலையில் காலை வெயில்தான் கிடைக்கும், மத்தியானம் மூடிவிடும். ஆகவே கிழக்குப் பார்த்த பக்கம் பொன்னான இடம். கீரைக்கு மூன்று நான்கு மணிநேர வெயில் போதும். தக்காளி, மிளகாய் போன்று காய்ப்பவற்றுக்கு ஆறு மணிநேரமாவது வேண்டும். அது கிடைக்காத வாசலில் தக்காளி வைத்து மனம் நோக வேண்டாம்.

மண்ணுக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறோம், மண்ணுக்கா பஞ்சம் என்று தேயிலை மலையில் ஒரு கூடை அள்ளிவருவதுதான் எல்லோரும் செய்யும் முதல் காரியம். நானும் செய்தேன். தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி. அமில காரத்தைக் காட்டும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை, தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கும் 7க்கும் இடைப்பட்டதைக் கேட்கின்றன. மண் மிகப் புளித்துப்போனால், உரம் போட்டாலும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கருவி ஒன்றும் இல்லாமலே இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பங்களா ஓரங்களில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைக் கவனித்திருக்கிறீர்களா? புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுவதால் பூ நீலமாகிறது. புளிப்புக் குறைந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். வெள்ளைப் பூ வகை மட்டும் நிறம் மாறாது. உங்கள் பக்கத்தில் கடும் நீலம் என்றால், மண் தேயிலைக்கானது.

புளிப்பை முறிக்கும் மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பல். ஓர் உரப்பை மண்ணுக்கு ஒரு கைப்பிடி, நன்றாகக் கலந்து இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். அல்லது தேயிலைத் தோட்டங்களில் பயன்படுத்தும் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் அதே அளவு. சாம்பலில் பொட்டாசியமும் இருப்பது கூடுதல் இலாபம். நல்லதுதானே என்று மாதா மாதம் கொட்டினால் மண் மறுபக்கம் சாய்ந்துவிடும். போகத்துக்கு ஒருமுறை போதும். பிளாஸ்டிக் எரித்த அடுப்பின் சாம்பல் ஆகாது. சாணத்தோடு ஒரே நாளில் சேர்த்துப் போடவும் கூடாது; சாணத்திலுள்ள நைதரசன் அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூக்கே சொல்லிவிடும்.

நான் இப்போது பயன்படுத்தும் கலவை இது: மேல்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, பருமணல் அல்லது கருக்கிய உமி ஒரு பங்கு. கலவையைக் கையில் பிடித்து இறுக்கித் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கொழுக்கட்டை போல இருந்தால் இன்னும் மணல்.

சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், என்ற பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. காரணம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரே இரவில் வந்ததைப்போலத் தடை வந்தது. அந்த நவம்பரில் அது தளர்த்தப்படுவதற்குள் மரக்கறிக்காரரும் தேயிலைக்காரரும் பட்டபாடு நாடறிந்தது. அது ஒரு நாட்டின் விவசாயத்தை ஒரு போகத்தில் திருப்பப் பார்த்த கதை. வாசலில் ஆறு உரப்பை வைப்பது வேறு கதை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேதன முறை என்றால் உண்மையில் என்ன? இரசாயனம் போடாமல் இருப்பது அதில் பாதிதான். ஒன்றும் போடாமல் விட்டால் செடி பட்டினி கிடக்கும். இரசாயனப் பசளை செடிக்கு நேரே ஊட்டும் சோறு. கூட்டெரு அப்படியல்ல, அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சோறு. அவை தின்று, செரித்து, விட்டுவைப்பதைத்தான் செடி எடுத்துக்கொள்கிறது. இதில் மலையகத்துக்கென்று ஒரு சிக்கல். குளிரில் இந்த நுண்ணுயிர்களும் நம்மைப்போலப் போர்த்திக்கொண்டு சோம்பிக் கிடக்கும். ஆகவே சமவெளியில் இரண்டு வாரத்தில் பலன் தெரியும் எரு இங்கே ஒரு மாதம் எடுக்கலாம். செடி மஞ்சளித்த பிறகு எரு வைப்பது இங்கே பிந்திய வைத்தியம். நடுவதற்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும்.

கூட்டெரு செய்வது பெரிய வித்தை இல்லை. காய்ந்தது இரண்டு மூன்று பங்கு, பச்சையானது ஒரு பங்கு. காய்ந்தது என்றால் சவுக்கு மரத்துச் சருகு, மானாப்புல், கிழித்த அட்டைப்பெட்டி. பச்சை என்றால் மரக்கறித் தோல், சாணம், நாம் நாள்தோறும் வடித்துக் கொட்டும் தேயிலைச் சக்கை. மாறி மாறி அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். சூடு பிடிக்க வேண்டுமென்றால் குவியல் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரமாவது இருக்க வேண்டும். நன்றாகப் பிடித்தால் உள்ளே 55 பாகைக்கு மேல் போய், காலையில் புரட்டும்போது ஆவி பறக்கும். வாளியில் செய்தால் சூடாகாது, ஆனாலும் மெதுவாக மக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு துளி வந்தால் சரி. ஒழுகினால் மழை உள்ளே போயிருக்கிறது, படங்கால் மூடிக் காய்ந்த சருகைச் சேருங்கள். நாற்றமெடுப்பதும் அதனால்தான். எங்கள் பக்கம் மூன்று நான்கு மாதம் ஆகிறது. மீன்கழிவும் எஞ்சிய இறைச்சியும் போட்டால் அன்றிரவே நாய்கள் பிரித்துவிடும்.

எல்லோருக்கும் மூன்றடிக் குவியலுக்கு இடமிருக்காது. அவர்களுக்கு என்னுடைய பரிந்துரை ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி. மஞ்சள் பூவோடு புதர் புதராக வளரும், யாரும் சீந்தாத செடி. அதன் இலையில் நைதரசனும் பொசுபரசும் பொட்டாசியமும் நிறைய உண்டு. அரை வாளி இலையை நறுக்கி, இரண்டு கை சாணம் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடிவைத்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். இரண்டு வாரத்தில் கறுத்த கரைசல் கிடைக்கும். வாசத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமலிருப்பது நல்லது. பக்கத்துக் காம்பராவுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றலாம். மழைக்காலத்தில் சாடியிலுள்ள சத்து தண்ணீரோடு வடிந்துபோவதால், மொத்தமாக வைப்பதைவிட இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே பயன் தரும். பச்சையாகச் சாப்பிடும் சலாது போன்றவற்றுக்குச் சாணம் சேர்க்காமல் இலையை மட்டும் ஊறவையுங்கள். கோழி எருவை வாங்கினால் இரண்டு மூன்று மாதம் மக்கவைத்தே போடுங்கள். புதிதாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

எப்போது தொடங்குவது? இதற்கு மலையகம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டித் தீர்க்கும். அங்கே புதியவர்கள் ஜனவரியில் தொடங்குவது நல்லது. மழை தொடங்குவதற்குள் ஒரு போகம் எடுத்துவிடலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, ஆகவே மார்ச். அந்தப் பக்கத்தில் ஜூலை, ஆகஸ்டில் காற்றும் வரட்சியும் அடிக்கும்போது நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகும். அப்போது சென்னைக்காரர் சொன்ன மூடாக்கு உங்களுக்குத்தான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி இறங்கும். இரவில் செடிக்கு மேல் ஒரு சாக்கை விரித்தால் இலை கருகாமல் தப்பும்.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஆட்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் போய்த் தேநீர் குடியுங்கள்.

முதல் போகத்துக்கு முள்ளங்கி, சலாது, வெங்காயத்தாள், கொத்தமல்லி, பீட்ரூட். முள்ளங்கி ஒரு மாதத்தில் கைக்கு வரும், இலையையும் சுண்டலாம். ஆரம்பக்காரருக்கு அந்த அவசர வெற்றி தேவை. பீட்ரூட்டில் கிழங்கு பருக்கும்வரை வெளி இலைகளை ஒன்றிரண்டாகக் கிள்ளிச் சமைக்கலாம். ஆழமான பையில் கரட். விதையை நேரே தூவ வேண்டும், நாற்று பிடுங்கி நட்டால் கிழங்கு கவைவிடும். போஞ்சியில் செடி வகையை எடுத்தால் பந்தல் வேண்டாம். லீக்ஸும் கோவாவும் வளரும்தான், ஆனால் மாதக்கணக்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு வாசலை ஏன் கொடுப்பது? முருங்கையும் கறிவேப்பிலையும் நுவரெலியா உயரத்தில் அரும்பாடு. அவற்றுக்குப் பதிலாக ஒரு பெரிய பையில் சௌ சௌ வையுங்கள். முளைவிட்ட முழுக்காயைச் சாய்வாக, பாதி வெளியே தெரியும்படி புதைத்தால் போதும். வேலியில் ஏறிக் காய்த்துக்கொண்டே இருக்கும். கொழுந்துத் தண்டும் கறிக்கு ஆகும்.

தக்காளி ஆசையை யாரும் விடமாட்டார்கள், ஆகவே ஒரு வார்த்தை. குளிரும் இலை ஈரமும் சேர்ந்தால் பின்கருகல் நோய் வரும்; இலையில் தண்ணீர் பட்டதுபோல் கறை விழுந்து, சில நாட்களில் செடி முழுவதும் கருகும். உருளைக்கிழங்குக்கு வரும் அதே நோய்தான். வந்தபின் சேதன முறையில் காப்பாற்ற முடிந்ததாக என் அனுபவத்தில் இல்லை. மழை படாத கூரையடியில், ஒரு பைக்கு ஒரு செடி, கீழ் இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விட்டு வளர்த்தால் ஓரளவு தப்பலாம். விதை முளைக்கச் சூடு வேண்டும். நான் விதைத்தட்டை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்கிறேன். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும், ஒருநாள் பிந்தினாலும் நூல்போல நீண்டுவிடும். விதைகளைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் சந்தேகம் கேட்கக் காசு இல்லை.

பூச்சிகளில், இளந்தளிரில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினிக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும்: ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, இலையின் அடிப்பக்கம் பார்த்துத் தெளித்து, அரை மணியில் கழுவிவிடுங்கள். கோவாவிலும் நோக்கோலிலும் வரும் பச்சைப் புழுவைக் கையால்தான் பொறுக்க வேண்டும். ஆனால் நம் ஈரத்தில் முதல் வில்லன் நத்தை, அதிலும் ஓடில்லாத நத்தை. பகலில் ஒன்றுகூடத் தெரியாது. காலையில் சலாது இருந்த இடத்தில் நரம்பு மட்டும் நிற்கும். மழைமாதத்தில் மூடாக்கு போட்டால் அது நத்தைக்கு மெத்தை, ஆகவே அப்போது மெல்லியதாகவே போடுங்கள். சாம்பல் வட்டம் போடுங்கள் என்பார்கள், நனைந்ததும் பயனில்லை. நான் செய்வது பழைய வேலை: மாலையில் ஒரு நனைந்த சாக்குத் துண்டைச் சாடிகளுக்கு நடுவே விரித்துவைப்பேன், இரவு எட்டரைக்கு டோர்ச்சோடு வந்து புரட்டுவேன். அப்பாயிதான் டோர்ச் பிடிப்பார், எண்ணுவதும் அவர்தான். போன செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்று. பக்கத்துக் காம்பராவின் கோழிக்கு அதுதான் காலைச் சாப்பாடு.